முதலில் சொல்லும் உரிமை

எங்கள் டிப்போவில் யாருக்குக் காலை வண்டி, யாருக்கு மாலை வண்டி என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்வோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஓய்வறையில், டிரைவர்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க. வெளியாள் கேட்டால் சிரிப்பான். சிரிக்கட்டும். மேனேஜர் கையில் இருந்த காலத்தில் அவருடைய மச்சானுக்குத்தான் எப்போதும் காலை வண்டி. காசுக்கு மச்சான் கிடையாது.

வெறும் பூவா தலையா என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே சுண்டில் முடிந்தால் என்ன ருசி என்று பழைய ஆள் யாரோ கிளப்பிவிட்டுப் போயிருக்கிறார். போட்டியிடும் இருவரும் ஆளுக்கு மூன்று சொல்ல வேண்டும். ஒருவர் ‘தலை, தலை, பூ’ என்பார். இன்னொருவர் ‘பூ, பூ, தலை’ என்பார். அப்புறம் காசைச் சுண்டிக்கொண்டே இருப்போம். யார் சொன்ன மூன்றும் அதே வரிசையில் அடுத்தடுத்து முதலில் விழுகிறதோ, வண்டி அவருக்கு. சில சமயம் சட்டென்று முடியும். சில சமயம் டீ ஆறி ஏடு படியும்வரை இழுக்கும்.

வண்டியைக் கையில் வைத்திருப்பவர் பின்னால்தான் சொல்ல வேண்டும். கேட்டு வருபவர்தான் முதலில் சொல்வார். இது நாங்கள் சும்மா வாங்கிய உரிமை இல்லை. முன்பெல்லாம் அது தலைகீழாக இருந்தது. நல்ல வரிசையை எல்லாம் இருப்பவனே முந்திக்கொண்டு எடுத்தால் இல்லாதவன் என்ன செய்வான் என்று ஒரு நாள் முழுக்க ஒரு பஸ்ஸைக்கூட வெளியே எடுக்காமல் வாசலில் உட்கார்ந்தோம். நான் கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. “பந்திக்கு முந்துன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?” என்று எங்கள் சங்கத் தலைவி மேஜையைத் தட்டினார். அவரும் டிரைவர்தான், எல்லாருக்கும் அவர் சங்கத்து அக்கா.

அன்று மேனேஜர் முகத்தைச் சுளித்தபோது, “இளசுங்க ஆசைப்படுதுங்க, கொடுத்துடலாம் சார்” என்று பெரிய மனது பண்ணிப் பேசியவர் காலை ராஜா. பதினேழாம் நம்பர் காலை வண்டியை வருஷக் கணக்காக அவர்தான் ஓட்டுகிறார். எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். போன முறை நானும் கேட்டுத் தோற்றேன். அப்போது எனக்கு அது விளையாட்டு. மனுஷனுக்கு மச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

இந்த முறை விளையாட்டு இல்லை. என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றையும் ஒரே காலையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊரையே ஒரு வாய் பார்த்த மனுஷி, படுக்கையில் ‘ம்’ என்றும் ‘ம்ஹூம்’ என்றும் மட்டும் சொல்லிக்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சி கொடுக்கும் அறை மதியத்துக்கு மேல்தான் திறக்கும். வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். டாக்டரம்மா ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார்: “முதல் ஆறு மாசத்துல எவ்வளவு திரும்புதோ அதுதாம்மா பெருசு. அதை விட்டுட்டா, அப்புறம் ரொம்பக் கஷ்டம்.”

நான் மாலை வண்டி. மதியம் இரண்டு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் இரவு பத்துக்குத்தான் விடுவேன். பொழுது சாயும்வரை அம்மாவோடு பக்கத்து வீட்டுக் கிழவி இருப்பாள். இருந்த லீவு எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கரைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் குளிர்பெட்டி ரிப்பேர் பார்ப்பவர். ஊரெல்லாம் அலைந்துவிட்டுப் பொழுது சாயும்போது வருவார். வந்தபிறகு வீட்டிலேயே நடக்க வைத்துப் பார்த்தார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். மாப்பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பதாவது! சக்கர நாற்காலியைத் தள்ளினால் சரி, மேலே கை பட்டால் ‘ம்ஹூம்’. பாதி உடம்பு போனாலும் வீம்பு முழுசாக இருந்தது. அது எனக்கும் அவளிடமிருந்து வந்ததுதான்.

அதனால் எனக்கு அந்தக் காலை வண்டி வேண்டும். கேட்டு வாங்குவது இல்லை, பிடுங்கியே ஆக வேண்டும் என்ற நிலை.

சுண்டும் நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. என் ஓய்வு நாளில், அம்மா தூங்கியபிறகு, சமையலறை மேஜையில் வீட்டுக்காரரை உட்கார வைத்தேன்.

“காசு சுண்டறதுக்கு ஒத்திகையா? உலகத்துலயே நீ ஒருத்திதான்டி” என்றார்.

“வாயை மூடிக்கிட்டு காலை ராஜாவா உக்காருங்க. போன தடவை அவர் சொன்னதையே சொல்லுங்க.”

போன முறை நான் சொன்னது ‘தலை, தலை, தலை’. மனதைரியத்துக்காகச் சொன்னது. அவர் கூரையைப் பார்த்தார், மோவாயைச் சொறிந்தார், ‘பூ, தலை, தலை’ என்றார். இப்போது வீட்டுக்காரர் அதைச் சொன்னார். சுண்டினோம். அவர் ஜெயித்தார். மறுபடி சுண்டினோம். மறுபடி அவர். நான் பல்லைக் கடித்தேன். மறுபடி, மறுபடி. மனுஷன் நாற்காலியில் சாய்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

“எனக்கும் மச்சம் இருக்கு போல!” என்றார்.

“மச்சமாவது மண்ணாங்கட்டியாவது!” காசைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அது குளிர்பெட்டிக்கு அடியில் ஓடிவிட்டது. அவர் முணுமுணுத்துக்கொண்டே துடைப்பத்தால் துழாவி எடுத்தார்.

எனக்கு ஆத்திரத்தில்தான் புத்தி வேலை செய்யும். இருவருக்கும் மச்சம் இருக்க முடியாது. காசும் எங்கள் வீட்டுக் காசு. அப்படியானால் கோளாறு நாங்கள் சொல்லும் மூன்றில்தான். இந்த முறை யார் ஜெயித்தது என்று பார்க்காமல், நான் எப்படித் தோற்கிறேன் என்று பார்த்துக்கொண்டே சுண்டினேன். பூ விழுந்தது. தலை விழுந்தது. இன்னொரு தலை. எனக்கு இன்னும் ஒரு தலை வேண்டும், அதற்குள் அவர் கதை முடிந்துவிட்டது. பூ, தலை, தலை. அவர் ஜெயித்தாயிற்று.

அப்போதுதான் உறைத்தது. எனக்கு மூன்று தலை வர வேண்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு பூ விழுந்திருந்தாலும், என் இரண்டாவது தலையிலேயே அவருக்கு முடிந்துவிடும். எடுத்த எடுப்பில் மூன்று சுண்டும் தலையாக விழுந்தால் மட்டும்தான் நான். எட்டில் ஒன்று. மீதி ஏழும் அவருக்கு.

“ஏங்க, இது நம்ம பஸ் மாதிரி” என்றேன். “என் ஸ்டாப்புக்கு வர்ற வண்டி எல்லாம் அவர் ஸ்டாப்பு வழியாத்தான் வருது. அவர் ஒரு ஸ்டாப்பு முன்னாடியே ஏறி சீட்டைப் பிடிச்சுக்கறாரு. நான் நின்னுக்கிட்டு கையைக் காட்டறேன்.”

“அப்ப வேற ஸ்டாப்புல நில்லு.”

நின்று பார்த்தேன். எந்த மூன்றைச் சொன்னாலும் அதற்கு முந்தின ஸ்டாப் ஒன்று இருந்தது. அவர் அதைக் கண்டுபிடிக்கும் விதமும் பிடிபட்டது. நாம் சொன்ன மூன்றில் கடைசியைக் கழற்றிவிட வேண்டும். நம் நடு வார்த்தை தலையானால் முன்னால் ஒரு பூவை ஒட்ட வேண்டும், பூவானால் தலையை. அவ்வளவுதான். ‘தலை, பூ, தலை’ என்று நான் சொன்னபோது கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. அப்போதும் ‘தலை, தலை, பூ’ என்று பின்னால் சொன்னவர் மூன்றுக்கு இரண்டு என்று அடித்துக்கொண்டு போனார். இதைவிட நல்ல ஸ்டாப் இல்லை. முதலில் வாயைத் திறப்பவன் கெட்டான்.

நானும் அவரும் இடம் மாற்றி, நான் பின்னால் சொன்னேன். வீட்டுக்காரர் கால் மேல் போட்ட காலை இறக்கிவிட்டார்.

பந்திக்கு முந்து என்ற சங்கத்து அக்கா, படைக்குப் பிந்து என்ற மீதியை மறந்துவிட்டார். நாங்கள் ஒரு நாள் கூலியை விட்டுப் போராடி வாங்கியது தோற்பதற்கான உரிமை! தொண்டை கட்டக் கட்டக் கத்தியவள் நான். நினைத்தால் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

“நீ என்ன பண்ற, இதை யார்கிட்டயும் மூச்சு விடாத. ‘முதல்ல நீங்க சொல்லுங்க’ன்னு அவருக்கு விட்டுக்கொடு. உரிமையை வேண்டாம்னு சொன்னா யார் தடுப்பா? மூணுக்கு ரெண்டு உன் பக்கம்” என்றார் வீட்டுக்காரர். குளிர்பெட்டிக்காரராக இருந்தாலும் சில சமயம் சூடாகவே யோசிப்பார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நியாயம் அநியாயம் எல்லாம் அம்மா நடந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நாள் வந்தது. ஓய்வறையில் நிற்க இடமில்லை. பதினேழாம் நம்பருக்கு வேறு யாரும் கை தூக்கவில்லை; அவரிடம் தோற்றுத் தோற்று எல்லாருக்கும் அலுத்திருந்தது. சங்கத்து அக்கா காசை எடுத்து இரண்டு பக்கமும் காட்டினார்.

“கேக்கறவங்க முதல்ல. சொல்லும்மா.”

“இந்தத் தடவை அவர் முதல்ல சொல்லட்டுங்க்கா” என்றேன், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு. “மூத்தவரு. மரியாதைக்கு.”

எனக்கு மரியாதை என்ற வார்த்தை வாயில் வந்ததே கிடையாது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். “இவளுக்கு என்ன ஆச்சு? கையில இருக்கற வெண்ணெயைக் கொடுக்கறா!” என்று குண்டு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அவர் அந்த வண்டிக்காகக் காலை ராஜாவிடம் பலமுறை தோற்றவர்.

காலை ராஜா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“வேண்டாம்மா. உரிமை உன்னுது. நீயே சொல்லு.”

“பரவாயில்லண்ணே. நீங்களே சொல்லுங்க.”

“அட, வயசுல சின்னவ. நீதான் சொல்லணும்.”

“பெரியவங்க இருக்கும்போது நான் வாயைத் திறப்பேனா? நீங்க சொல்லுங்க.”

“சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? நீ சொல்லு.”

கல்யாணப் பந்தியில் ஒருவரை ஒருவர் உபசரிப்பது போல அப்படி ஓர் உபசாரம் அந்த அறையில் நடந்ததே இல்லை. முதலில் சிரித்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். எதற்காக ஒரு நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்தார்களோ, அதை இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குண்டு அண்ணன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

சங்கத்து அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “சட்டப்படி நீதான் முதல்ல. சொல்றியா, இல்ல அவருக்கே வண்டின்னு எழுதவா?”

இப்போது வாயைத் திறந்தால் மூன்றில் ஒன்று. திறக்காவிட்டால் ஒன்றுமே இல்லை. அம்மாவின் கால் போர்வைக்குள் அசையாமல் கிடப்பது கண்ணுக்குள் வந்தது. மூன்றில் ஒன்றுக்கு அதைப் பணயம் வைக்க எனக்கு மனசில்லை.

“சொல்றேன்க்கா. ஆனா தலை பூ இல்ல. வேற ஒண்ணு சொல்றேன்” என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிரைவர்களுக்கு ஸ்டாப் கணக்கைச் சொல்லப் புரியாமல் போகுமா? நம்பாதவர்களை அங்கேயே சுண்டிப் பார்க்கச் சொன்னேன். குண்டு அண்ணன் என்னிடம் மூன்று தலை சொன்னார். நான் பூவை முன்னால் ஒட்டினேன். அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். வேறு வேறு வரிசை சொல்லிப் பார்த்தார். எப்போதாவது ஜெயித்தார், அப்புறம் தோற்றார். கடைசியில் காசைக் கீழே வைத்துவிட்டு, “அடப் பாவி மனுஷா!” என்று காலை ராஜாவைப் பார்த்துக் கத்தினார்.

ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். காலை ராஜா சுவரோடு நின்றார்.

“நான் யாரையும் ஏமாத்தல. காசு நல்ல காசு. முதல்ல சொல்லணும்னு போராடினது நீங்கதானே? நான் வேண்டாம்னேனா?” என்றார். “எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது. பாத்துப் பாத்துப் பழகிக்கிட்டேன். எனக்கு சக்கரை வியாதி. பத்து மணிக்கு மேல சாப்பிட்டா உடம்பு தாங்கல. எனக்கும் இந்த வண்டி வேணும்மா.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். முழு அயோக்கியனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி!

சங்கத்து அக்கா மேஜையைத் தட்டினார். இனிமேல் மூன்றும் கிடையாது, முந்துவதும் பிந்துவதும் கிடையாது. ஒரே சுண்டு. பாதிக்குப் பாதி. இன்றிலிருந்தே.

மூன்றில் ஒன்றாக இருந்தது இரண்டில் ஒன்றாகிவிட்டது. அந்த அறையில் என்னால் பிடுங்க முடிந்தது அவ்வளவுதான்.

“யார் சொல்றீங்க?” என்றார் அக்கா.

“யார் சொன்னாலும் ஒண்ணுதான்க்கா. தலை.”

காசு மேலே போனது. எத்தனையோ பேரிடம் சலனமில்லாமல் நின்ற காலை ராஜா கண்ணை இறுக மூடிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். அக்கா பிடித்து, புறங்கையில் கவிழ்த்து, திறந்தார்.

பூ.

யாரும் கை தட்டவில்லை. ஜெயித்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “இதுல இவ்வளவு பயம் இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா” என்றார் மெதுவாக.

“எங்களுக்குத் தெரியும்ண்ணே” என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று வண்டியை எடுக்கப் போய்விட்டேன். தோற்றது வலித்தது. நேர்மையாகத் தோற்றோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். நேர்மையை வைத்து அம்மாவை நடக்க வைக்க முடியுமா? அன்று எனக்கு முன்னால் குறுக்கே வந்த கார்க்காரர்கள் எல்லாரும் என் வாயில் விழுந்தார்கள்.

மாலை வண்டியின் கடைசி ஸ்டாப் எங்கள் தெருவுக்குப் பின்புறம்தான். பொழுது சாயும் நேரத்தில் அங்கே வண்டி கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். கடைசிப் பயணியும் இறங்கிப் போனார். யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்க்க, வழக்கம்போல எழுந்து நடுவழியில் பின்னால் நடந்தேன். களைப்பில் இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். பாதியில் நின்றுவிட்டேன்.

ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் என்ன பெரிதாக இருக்கிறது? இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் நடக்க வழி, விழுந்தால் பிடிக்க ஓர் ஆள். இங்கேயும் இரண்டு பக்கமும் கம்பி. போதாததற்கு வரிசைக்கு வரிசை உட்கார சீட்டு. ஆளும் இருக்கிறேன்.

மறுநாள் காலை பயிற்சி கொடுக்கும் பெண்ணை ஆஸ்பத்திரி வாசலிலேயே மடக்கினேன். அவர் யோசித்தார். எந்தக் காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும், முழங்கால் மடிந்தால் எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று என்னையே நோயாளியாக்கி நடத்திக் காட்டினார். “வாரத்துல உங்க லீவு நாள்ல இங்க கூட்டிட்டு வாங்க, நான் பாத்துத் திருத்தறேன். மத்த நாள் விடாம செய்யுங்க” என்றார். மேனேஜரிடம் கேட்கவில்லை. கேட்டால்தானே இல்லை என்பார்.

அன்று மாலை கடைசி ஸ்டாப்பில் என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியோடு நின்றார். சரிவுப் பலகையை இறக்கினேன். அம்மாவை உள்ளே தள்ளி ஏற்றிவிட்டு, மாப்பிள்ளை மரியாதையாகக் கீழே இறங்கி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அம்மா பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நான் ஓட்டும் வண்டியில் அவள் ஏறியதே இல்லை. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று வைதவள். நான் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். இடது கை கம்பியை இறுக்கிப் பிடித்தது. வலது காலை என் காலால் நகர்த்தி வைத்தேன். முழங்கால் ஆடியது. முட்டுக் கொடுத்தேன். முதல் வரிசை சீட்டைத் தாண்டினோம். இரண்டாவது வரிசையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்காருகிறாயா என்றதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

திடீரென்று நின்றாள். முன்னால் ஸ்டியரிங் பக்கம் திரும்பி வெறித்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்தது, தொண்டையில் என்னவோ உருண்டது. மறுபடியும் வாதமோ என்று அவளை இறுக்கிப் பிடித்தேன்.

“பி... பிரேக்கு...” என்றாள். எச்சிலை விழுங்கினாள். “பிரேக்கு போட்டியாடி?”

வெளியே என் வீட்டுக்காரர் சட்டென்று திரும்பினார். கண்ணீர் என் கண்ணை மறைத்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் அவளைப் பிடித்திருந்தது.

“போட்டாச்சும்மா. நீ காலை எடுத்து வை.”